வண்ணமும் ஊர்ப்பெயரும்: சாலி காபோரியின் ஓவியங்களை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: ஓவியவாசகி

நண்பர்களுக்கு வணக்கம். மெல்போர்னில் உள்ள விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் 'டுல்கா வார்ங்கிட்' என்ற ஓவியத்தின் முன்னால் நெடுநேரம் நின்றிருக்கிறேன். ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளமுள்ள அந்தக் கேன்வாசை, ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளான கையாடில்ட் இனத்தைச் சேர்ந்த மிர்டிடிங்கிங்காத்தி ஜுவார்ண்டா சாலி காபோரியும் அவருடைய இனத்துப் பெண்கள் ஆறு பேரும் சேர்ந்து 2007-இல் வரைந்தார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து சாலி காபோரியின் படைப்புகள் எங்கே கிடைத்தாலும், அச்சுப் பிரதியாகவேனும், தேடிப் பார்த்து வருகிறேன். ஆனால் ஓர் ஐயம் தீராமலே இருக்கிறது.

ஆஸ்திரேலிய நடுப்பாலை ஓவியங்களைப் பார்க்கத் தொடங்கியபோது, ஒரு மையத்தைச் சுற்றிய வட்டங்கள் நீர்நிலையையோ தங்குமிடத்தையோ குறிக்கும், குதிரை லாடம் போன்ற வளைவு தரையில் அமர்ந்திருக்கும் மனிதரைக் குறிக்கும் என்று படித்தேன். அந்தச் சிறு அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரளவு வாசிக்க முடிந்தது. சாலி காபோரியிடம் அந்த அகராதி உதவவில்லை. பெரும்பாலான ஓவியங்களுக்கு 'டிபிர்டிபி நாடு', 'துண்டி', 'நியின்யில்கி' என்று இடப்பெயர்களே தலைப்பாக இருக்கின்றன, ஆனால் உள்ளே இடம் என்று சொல்லத்தக்க எதுவும் என் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ரோஜா நிறத்தை ஒட்டி ஆரஞ்சு, அதன் மேல் ஈரம் காயாமலே இழுத்துவிட்ட வெள்ளை, ஒரு மூலையில் கரு நீலம். இன்னும் வியப்பு, ஒரே தலைப்புக் கொண்ட இரண்டு ஓவியங்களில் ஒன்று மஞ்சளும் சிவப்புமாக இருக்கிறது, மற்றொன்று முழுக்கக் கறுப்பு வெள்ளையாக இருக்கிறது. நிறம் நிலத்தைச் சொல்கிறது என்றால், எந்த நிறம் எதைச் சொல்கிறது?

இரண்டாவது கேள்வி என் நண்பர் ஒருவர் எழுப்பியது. பூர்வகுடிகளின் உண்மையான வண்ணம் மண்ணிலிருந்து எடுத்த காவிதான், இந்தப் பளிச்சென்ற அக்ரிலிக் நிறங்களெல்லாம் நகரத்துச் சந்தைக்காக வந்தவை என்றார். என் மனம் அதை ஏற்கவில்லை, ஆனால் மறுக்கப் போதிய அறிவும் என்னிடம் இல்லை. அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: கழிமுகம்

உங்கள் முதல் கேள்விக்கான விடையில் பாதி அந்த அம்மையாரின் பெயரிலேயே இருப்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன். கையாடில்ட் மக்களின் மொழியான காயர்டில்டில், பிறந்த இடத்தையும் குலக்குறியையும் சேர்த்தே ஒருவருக்குப் பெயர் அமைகிறது. மிர்டிடிங்கி என்பது பென்டிங்க் தீவின் தென்கரையில் உள்ள ஒரு சிற்றோடை. 'ங்காத்தி' என்பது அங்கே பிறந்தவர் என்று காட்டும் விகுதி. ஜுவார்ண்டா என்றால் ஓங்கில், அதாவது டால்பின், அது அவருடைய குலக்குறி. காபோரி என்று உலகம் அறிந்த குடும்பப்பெயர்கூட, அவருடைய கணவர் பிறந்த கபரார்ஜி என்ற இடத்தின் பெயர் ஆங்கிலம் பேசுவோர் வாயில் திரிந்து வந்ததுதான். கணவன், மனைவி இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதே இரண்டு இடங்களின் பெயரைச் சொல்லிவிடுகிறோம்.

பென்டிங்க் தீவு கார்ப்பென்டேரியா வளைகுடாவின் தென்பகுதியில், குயின்ஸ்லாந்து மாநிலத்துக்குள் அடங்கிய தாழ்வான நிலம். அலையாத்திக் காடும், வெளுத்துக் கிடக்கும் உப்புச் சமவெளியும், ஓதம் வற்றும்போது தலைகாட்டும் பாறைத் திட்டுகளுமாக அதன் கரை நாளுக்கு நாள் உருமாறிக்கொண்டே இருக்கும். முன்னோர் கல்லடுக்கிக் கட்டிய மீன்பொறிச் சுவர்கள் அந்தக் கரையை ஒட்டி நிற்கின்றன. ஓதம் ஏறும்போது நீரும் மீனும் சுவரைத் தாண்டி உள்ளே வரும், வற்றும்போது நீர் கற்களின் இடுக்கு வழியே வடிந்துவிட மீன் மட்டும் தங்கிவிடும். சரிந்த கல்லை எடுத்து அடுக்கி அந்தச் சுவர்களைப் பேணிவந்த கைகளில் சாலியின் கைகளும் உண்டு. அவருடைய ஓவியங்களில் ஒரு நிறத்துக்கும் இன்னொரு நிறத்துக்கும் நடுவே கெட்டியாக ஓடும் வளைந்த பட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர்கள்தான் நினைவுக்கு வருகின்றன. இது என் பார்வை மட்டுமே, ஓவியர் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1940களில் கடும் வறட்சி. 1948-இல் பொங்கி ஏறிய கடல்நீர் தீவின் நன்னீரைக் கெடுத்துவிட, தீவில் எஞ்சியிருந்த மக்கள் அனைவரையும் பிரெஸ்பிட்டேரியன் மிஷன் மார்னிங்டன் தீவுக்குக் கொண்டுசென்றது. அது லார்டில் மக்களின் நிலம். இவர்கள் அங்கே பிறர் மண்ணில், கடற்கரை ஓரத்தில், விருந்தாளிகளாகக்கூட அல்லாமல் வாழ வேண்டியதாயிற்று. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதியில் வைத்தார்கள். இடம்பெயர்ந்த பிறகு சில ஆண்டுகள் வரை அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. சாலி ஏறக்குறைய 1924-இல் பிறந்தவர் என்பதால் அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது இருக்கலாம். நிலத்தை முழுதாக அறிந்த பிறகு அதை இழந்தவர் அவர் என்பதை நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

அதன் பிறகு அவர் தூரிகையைத் தொட்டது 2005-இல், மார்னிங்டன் தீவின் கலை மையத்தில், எண்பது வயதைக் கடந்த பின்னர். அதுவரை நார் திரித்துக் கயிறு முறுக்குவதும் பை பின்னுவதும் அவர் கைத்தொழிலாக இருந்தன. தட்டையான பரப்பில் படம் எழுதும் மரபு கையாடில்ட் மக்களிடம் இருந்ததில்லை. ஆகவே நீங்கள் தேடும் அகராதி உங்களுக்குக் கிட்டாததில் வியப்பில்லை. வட்டமும் லாட வளைவும் பாலை மக்களின் மணல் ஓவியத்திலிருந்தும் உடல் ஓவியத்திலிருந்தும் வந்தவை. இந்த அம்மையாருக்கு அப்படிக் கையில் எடுத்துக்கொள்ள எதுவும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. தான் கண்ட கடலையும் சேற்றையும் மீனையும் சொல்ல அவருக்குக் கிடைத்தவை ஒரு வெற்றுக் கேன்வாசும் டப்பிகளில் இருந்த வண்ணமும்தான். 2015-இல் மறைவதற்குள், பத்தாண்டுகூட நிறையாத காலத்தில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களை வரைந்துவிட்டார்.

இனி, ஒரே இடம் ஏன் பல நிறங்களில் வருகிறது என்பது. ஒரே கரையை நடுப்பகலில் நீர் நிறைந்திருக்கும்போதும், மாலையில் வற்றி ஈரச்சேறு மின்னும்போதும், மழைக்காலத்தில் செம்மண் கரைந்து வரும்போதும் பார்த்தவர்கள், அதற்கு ஒரே நிறம் என்று ஒருபோதும் சொல்லமாட்டார்கள். வெளியூரார் படம் எடுப்பதுபோல ஒருமுறை பார்த்துவிட்டுப் போனவர் அல்லர் அவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அதன் எல்லா வேளைகளிலும் அதனோடு இருந்தவர். எனவே மஞ்சள் என்றால் மணல், நீலம் என்றால் கடல் என்று பொருத்திப் பார்ப்பது பாதி தூரம்கூட நம்மை அழைத்துச் செல்லாது.

என் கருத்தில் இன்னும் முக்கியமானது தலைப்புகளின் உறவுமுறை. துண்டி அவருடைய தந்தையின் இடம். மக்கார்க்கி அவருடைய அண்ணன் தம்பி உறவில் வந்த ஒருவரின் இடம். டிபிர்டிபி என்பது களவா மீன் வடிவில் அந்தக் கடற்பகுதியை உருவாக்கிய முன்னோனின் பெயர், அந்த நாடு அவருடைய கணவருக்குரியது. ஆகவே 'டிபிர்டிபி நாடு' என்று அவர் மீண்டும் மீண்டும் எழுதியவற்றில் கணவரைப் பற்றிய நினைவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எந்த நிறம் எதைச் சொல்கிறது என்று கேட்பதற்கு முன், இது யாருடைய இடம் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்குத் திட்டமான விடை கிடைக்கும், பிறகு நிறமும் வேறு விதமாகத் தெரியத் தொடங்கும்.

மொழியைப் பற்றி ஒரு சிறு செய்தி. காயர்டில்ட் பேசுவோர் இடம், வலம் என்று சொல்லும் இடத்தில் கிழக்கு, மேற்கு என்று திசை சொல்லியே பேசுவார்கள், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பொருளுக்கும் அப்படித்தான். வாய் திறந்தால் திசை வந்தாக வேண்டிய மொழியில் வளர்ந்தவர், அறுபது ஆண்டுகளுக்கு முன் விட்டுவந்த கரையை அதன் அமைப்புப் பிசகாமல் நினைவில் வைத்திருந்ததில் எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

மறுமொழி: செங்காவி

கழிமுகம் விரிவாக எழுதிவிட்டதால் நான் இரண்டாவது கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நண்பர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது, ஆனால் அவர் எடுத்த முடிவு தவறு.

உண்மை இதுதான்: காவி என்பது நிலத்தின் நிறத்தைக் காட்டும் பொருள் என்பதைவிட, நிலமே என்று சொல்லலாம். செங்காவியில் இருப்பது இரும்பு ஆக்சைடு. மஞ்சள் காவியில் அதே இரும்பு நீரோடு பிணைந்திருக்கிறது, நெருப்பில் வாட்டினால் நீர் பிரிந்து மஞ்சள் சிவப்பாகிவிடும். வெள்ளைக்கு வெண்களிமண், கறுப்புக்குக் கரி அல்லது மாங்கனீசு. மேற்கு ஆஸ்திரேலியாவின் வெல்ட் மலைத்தொடரில் உள்ள வில்கி மியா என்ற காவிச் சுரங்கத்தைப் பற்றி ஒரு மரபுக் கதை உண்டு. ஈட்டிபட்ட பெருங்கங்காரு ஒன்று அங்கே தன் கடைசித் தாவலைத் தாவி விழுந்தது, அதன் குருதி செங்காவியாயிற்று, ஈரல் மஞ்சள் காவியாயிற்று, பித்தம் பச்சை மண்ணாயிற்று என்பது கதை. அந்தச் செங்காவியை உடலில் பூசிக்கொள்பவர் வெறும் நிறத்தைப் பூசிக்கொள்வதில்லை. இன்னொரு எடுத்துக்காட்டு, தென் ஆஸ்திரேலியாவின் பிளிண்டர்ஸ் மலைகளில் கிடைக்கும் செங்காவிக்காக வடக்கே வாழ்ந்த டியாரி மக்கள் பல நூறு கிலோமீட்டர் நடந்து வந்து சுமந்து சென்றார்கள். அருகில் வேறு காவி கிடைத்தாலும் அந்த இடத்துக் காவிதான் வேண்டும் என்றால், அவர்கள் தேடி வந்தது வெறும் சாயம் இல்லை என்பது விளங்கும்.

கிம்பர்லி பகுதியில் வார்முன் ஊரின் கிஜா ஓவியர்கள் இன்றும் தங்கள் மண்ணிலிருந்து தோண்டிய காவியை அரைத்துக் கேன்வாசில் பூசுகிறார்கள். 1990-இல் வெனிஸ் ஈராண்டுக் கலைவிழாவில் ஆஸ்திரேலியாவின் சார்பில் இடம்பெற்ற ரோவர் தாமஸ் அந்த ஊரில் ஓவியம் தொடங்கியவர். அவருடைய படங்களில் அந்தப் பழுப்பும் கறுப்பும் மெழுகிய தரைபோல மங்கிக் கிடக்கும். ஓவியம் நிலத்தைப் பற்றியது, நிலத்தாலும் ஆனது என்பதை அங்கே விரலால் தொட்டு உணர முடியும் (கலைக்கூடத்தில் தொட்டுவிடாதீர்கள்).

ஆனால் இதிலிருந்து, காவி மட்டுமே உண்மை, மற்றதெல்லாம் சந்தை என்று முடிவு கட்டினால் வரலாறு அதற்கு எதிராக நிற்கிறது. 1971-இல் பப்புன்யா ஊரில் பாலை மக்களின் ஓவிய இயக்கம் தொடங்கியது, மறு ஆண்டு அவர்களுக்கென ஒரு கூட்டு நிறுவனம் அமைந்தது. அந்த ஆண்டுகளில் மண்நிறங்களைப் பயன்படுத்தும்படி ஊக்குவித்தவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த ஆலோசகர்கள்தான். வாங்குவோரும் பழுப்பு நிறத்தைக் கண்டால்தான் இது அசல் என்று நம்பினார்கள். சந்தைக்கு இணங்கிய நிறம் எது என்று கேட்டால், அந்தக் காலத்தைப் பொறுத்தவரை மண்நிறத்தின் பக்கம்தான் விரலை நீட்ட வேண்டியிருக்கும்.

பளிச்சென்ற நிறங்களுக்கு ஜிஞ்சர் ரைலி முண்டுவலவாலாவைப் பாருங்கள். மாரா இனத்தவர், லிம்மன் பைட் ஆற்றங்கரை அவர் தாய்வழி நாடு, அந்த நாட்டுக்கு அவர் காப்பாளர். ஆர்ன்ஹெம் லாண்டின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது அந்த நிலம். கால்நடைப் பண்ணைகளில் வேலை செய்துகொண்டிருந்த இளமையில், 1950களில் அவர் ஆல்பர்ட் நமட்ஜிராவைச் சந்தித்தார். நமட்ஜிராவின் நீர்வண்ண ஓவியங்களில் நிலம் தன் சொந்த நிறத்தில் இருப்பதைக் கண்டு வியந்தவருக்கு, தன் நிலத்தின் நிறத்தைக் காட்ட அக்ரிலிக் கைக்குக் கிடைத்தது 1987 வாக்கில்தான். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவர் காத்திருந்தது அந்த நிறத்துக்காக. மரகதப் பச்சை, ஊதா, எரியும் மஞ்சள் என்று அவர் வரைந்த நான்கு கற்குன்றுகளையும் வெண்மார்புக் கழுகையும் பார்த்த ஓவியர்கள் அவரை 'நிறத்தின் தலைவர்' என்று அழைத்தார்கள்.

நமட்ஜிராவுக்கு நேர்ந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1902-இல் ஹெர்மன்ஸ்பர்க்கில் பிறந்த மேற்கு அரண்டா மனிதர் அவர். 1938-இல் மெல்போர்னில் நடந்த அவருடைய முதல் தனிக்காட்சியில் எல்லா ஓவியங்களும் விற்றுத் தீர்ந்தன. ஆனாலும் வெள்ளையரின் பாணியைப் பின்பற்றுகிறார் என்று விமரிசகர்கள் பலர் ஒதுக்கினார்கள், மெக்டோனல் மலைகளுக்கு அவர் பூசிய ஊதாவை மிகை என்று எண்ணியவர்களும் உண்டு. விடியலிலும் அந்தியிலும் அம்மலைகள் ஊதாவாகவே தெரியும் என்பதை அங்கே சென்றவர்கள் அறிவார்கள். அவர் வரைந்தது தன் முன்னோரின் மலைகளை, ஒவ்வொன்றையும் பெயரோடும் கதையோடும் அறிந்து. அந்த மலைகளைக் கொண்ட நாட்டில் மேய்ச்சல் நிலம் குத்தகைக்குக் கேட்டபோது அவருக்குக் கிடைக்கவில்லை, ஆலிஸ் ஸ்பிரிங்சில் வீடு கட்டவும் அனுமதி கிடைக்கவில்லை. 1957-இல்தான் குடியுரிமை தந்தார்கள், இரண்டே ஆண்டுகளில் இறந்துபோனார். நிறத்தை வைத்து 'இது அசல், இது கலப்பு' என்று தரம் பிரிப்பது எத்தகைய மனிதரைக் காயப்படுத்தியது என்பதை எண்ணும்போது, உங்கள் நண்பர் அந்தச் சொல்லைச் சற்றே நிதானித்துப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.

மறுமொழி: திணைமாணவன்

மேலே இருப்பதைப் படிக்கும்போது நம் ஐந்திணைக் கோட்பாடு நினைவுக்கு வருகிறது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, பூவையும் பறவையையும் கருப்பொருளாக வைத்து, அவற்றின் வழியே மனித உணர்வைச் சொல்வதுதானே அங்கும் நடக்கிறது? சாலி காபோரியின் கடற்கரையை நெய்தல் என்றே வாசித்துவிடலாம் என்று தோன்றுகிறது.

மறுமொழி: கழிமுகம்

திணைமாணவன் அவர்களே, நிலமும் உணர்வும் பிரியாமல் இருக்கும் அளவுக்கு ஒப்பீடு பொருந்துகிறது, அதற்கு மேல் பொருந்தவில்லை. நம் அகப்பாடல்களில் குறிஞ்சி என்பது எந்த மலையாகவும் இருக்கலாம். தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டக்கூடாது என்பதே அகத்திணை மரபு. கையாடில்ட் வழக்கில் நேர் எதிராக, ஓடை, திட்டு, சுவர் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு, அந்தப் பெயருக்கு உரிய மனிதரும் உண்டு. பெயர் சுட்டாமல் அங்கே எதையும் பாட முடியாது. மிர்டிடிங்கியை வேறொரு ஓடையால் ஈடு செய்ய முடியாது என்பதனால்தான் 1948-இன் இழப்பு அத்தனை பெரிதாக இருந்தது.

சொல் ஒன்றை மட்டும் நம் மரபிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஆஸ்திரேலியப் பூர்வகுடியினர் 'கன்ட்ரி' என்று சொல்வதற்கு 'தேசம்' சரியாக வராது. ஒரு குடிக்கு உரிய, பெயர் பெற்ற சிறு நிலப்பகுதி என்று பழைய தமிழில் வழங்கிய 'நாடு' அதற்கு நெருங்கி வருகிறது. ஓவியவாசகி தலைப்பை 'டிபிர்டிபி நாடு' என்று மொழிபெயர்த்திருப்பது மிகவும் சரி.

மறுமொழி: வெயில்நிலம்

எமிலி காமே குங்வாரேயைப் பேசாமல் இந்த இழையை முடிக்க மனம் வரவில்லை. நிறம், நிலம், உடல் மூன்றும் ஒன்றாக இணைவதை அவரிடம்தான் நான் முதலில் கற்றேன்.

ஆலிஸ் ஸ்பிரிங்சுக்கு வடகிழக்கே உட்டோபியா என்று பெயரிடப்பட்ட பகுதியில், அல்ஹால்கெரே என்ற நாட்டில் ஏறக்குறைய 1910-இல் பிறந்த அன்மட்யர் இனப் பெண்மணி அவர். பெயரின் நடுவில் உள்ள 'காமே', அந்த மண்ணில் கொடியாகப் படரும் ஒருவகைக் காட்டுக்கிழங்கின் விதை. 1977 முதல் மற்றப் பெண்களோடு, மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணியில் வேலை செய்தார், கேன்வாசுக்கு வந்தது 1988 வாக்கில். 1996-இல் இறக்கும் வரை இருந்த எட்டு ஆண்டுகளில் அவர் வரைந்தவை ஏறக்குறைய மூவாயிரம் என்று மதிப்பிடுகிறார்கள்.

அந்தப் பெண்கள் 'அவெல்யே' என்ற சடங்கில் கொழுப்போடு குழைத்த காவியால் மார்பிலும் தோளிலும் கோடுகள் எழுதி, தங்கள் நாட்டின் பாடலைப் பாடி ஆடுவார்கள். கேன்வாஸ் வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னரே எமிலியின் விரல் பழகிய பரப்பு தோழியரின் தோல். அவருடைய ஓவியங்களில் கிழங்குக்கொடி தளிர்க்கும் பருவத்தின் பச்சையும், பூக்கும் பருவத்தின் மஞ்சளும், வறண்ட பருவத்தின் சிவப்பும் புள்ளிக்கு மேல் புள்ளியாக அடர்ந்து வருகின்றன. ஆனால் 1995-இல் வரைந்த, மூன்று மீட்டர் உயரமும் எட்டு மீட்டர் நீளமும் கொண்ட கிழங்கு ஓவியத்தில் அவர் எல்லா நிறங்களையும் விட்டுவிட்டார். கறுப்புத் தரையில் வெள்ளைக் கோடு மட்டும், எங்கும் அறுபடாமல், வேர்போலவும் மண்வெடிப்புபோலவும் ஓடுகிறது. ஓவியவாசகி, நீங்கள் கேட்ட கறுப்பு வெள்ளைக்கு இது ஒரு துணை விடையாகலாம். மண்ணுக்கு மேலே இருப்பதற்கு நிறம் உண்டு, மண்ணுக்குள்ளே இருப்பதற்குக் கோடுதான் உண்டு என்று நான் அதை வாசித்துக்கொள்கிறேன்.

வடக்கே யிர்கலாவின் யோல்ங்கு மக்களிடம் இது இன்னொரு விதமாக அமைகிறது. மரப்பட்டையில் முதலில் மங்கலான படிவமாக உருவை எழுதி, பிறகு மயிரிழை போன்ற தூரிகையால் குறுக்கு நெடுக்குக் கோடுகளை நெய்யும்போது பரப்பு முழுவதும் கண்முன் மினுங்கத் தொடங்கும். அந்த மினுக்கத்துக்குப் 'பிர்யுன்' என்று பெயர், முன்னோரின் ஆற்றல் அதில் வெளிப்படுவதாகக் கொள்கிறார்கள். எந்த நிறம் என்பதைவிட, மங்கலிலிருந்து ஒளிக்கு வருவதே அங்கே பொருள் தருகிறது. 'பூர்வகுடி நிறம்' என்று பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நிலத்துக்கும் ஓவியத்துக்கும் உள்ள தொடர்பு வெறும் உருவகம் என்று யாரேனும் எண்ணினால் அவர்களுக்கு 'ங்குரரா' ஓவியத்தைச் சொல்லுங்கள். கிரேட் சாண்டி பாலையின் மக்கள் 1997-இல் பிர்னினி என்ற இடத்தில் எட்டு மீட்டருக்குப் பத்து மீட்டர் அளவுள்ள கேன்வாசைத் தரையில் விரித்து, அவரவர் நீர்நிலையை அவரவர் வரைந்தார்கள். நில உரிமைத் தீர்ப்பாயத்தின் முன், தாம் வரைந்த பகுதியின் மேல் ஏறி நின்று தம் மொழியில் சான்று சொன்னார்கள். 2007-இல் அந்த நிலத்தின் மீது அவர்களுடைய உரிமை சட்டப்படி ஏற்கப்பட்டது. கையாடில்ட் மக்களும் அண்டைத் தீவினரோடு சேர்ந்து வழக்காடி, 2004-இல் தங்கள் கடல்மீது சில உரிமைகளைக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் பெற்றார்கள். அதற்கு மறு ஆண்டுதான் சாலி காபோரி தூரிகையை எடுத்தார்.

ஒரு வரம்பையும் சொல்லிவிடுகிறேன். நமக்குச் சொல்லப்படுவது வெளிக்கதை மட்டுமே. பப்புன்யாவின் தொடக்க ஓவியங்களில் சிலவற்றில் சடங்கு அறிந்தோர் மட்டுமே காணத்தக்கவை இடம்பெற்றதால் பிற குழுக்கள் வருந்தின, அதன் பின்னர் ஓவியர்கள் அவற்றை விலக்கியும் புள்ளிகளால் மறைத்தும் வரைந்தார்கள். எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைத்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு இந்த ஓவியங்களை அணுகுவது முறையாகாது.

மறுமொழி: ஓவியவாசகி

எல்லோருக்கும் என் நன்றி. உங்கள் மறுமொழிகளைப் படித்துவிட்டு, என்னிடம் இருந்த அச்சுப் பிரதிகளை எடுத்து, நிறவாரியாக அடுக்கி வைத்திருந்ததைக் கலைத்து, இடவாரியாக அடுக்கினேன். தந்தையின் துண்டி ஒரு பக்கம், கணவரின் டிபிர்டிபி ஒரு பக்கம், நியின்யில்கி ஒரு பக்கம். இதுவரை தனித்தனி ஓவியங்களாகத் தெரிந்தவை அப்போது ஒருவரிடமே பலமுறை பேசியதுபோலத் தெரிந்தன. துண்டி ஓவியங்கள் சிலவற்றில் வெள்ளையும் கறுப்பும் சாம்பலும் மேலோங்கி இருப்பதையும், டிபிர்டிபி எனப் பெயரிட்டவற்றில் நிறம் ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பதையும் முன்பு நான் கவனிக்கவில்லை. என்னிடம் உள்ள சிலவற்றை மட்டும் வைத்து இதை விதியாகச் சொல்ல மாட்டேன்.

கழிமுகம் அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். முதல் நிறம் காய்வதற்குள் அவர் அடுத்த நிறத்தை ஏற்றுவதால் வெள்ளை பல இடங்களில் நீலத்தையோ ரோஜா நிறத்தையோ இழுத்துக்கொண்டு கலங்கிப்போகிறது. அது அவசரத்தால் நேர்ந்ததா, விரும்பிச் செய்ததா?

மறுமொழி: கழிமுகம்

அவர் மனத்தில் இருந்ததை நான் சொல்ல இயலாது, கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன். விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டிய இடங்களில் அவர் கூர்மையாகவே நிறுத்தியிருக்கிறார், கலங்க விட்டவை வேறு இடங்கள். ஓதம் ஏறும் வேளையில் ஆழமற்ற கரையில் நின்றிருந்தால் பார்த்திருப்பீர்கள். நுரை முன்னே வரும், அடியிலிருக்கும் சேறு அதோடு எழும்பும், இரண்டும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. மீன்பொறிச் சுவரின் வெளிப்பக்கத்தில் அப்படித்தான் இருக்கும், உள்பக்கத்தில் நீர் தெளிந்து நிற்கும். அடுத்த முறை அந்த ஆறு மீட்டர் ஓவியத்தின் முன் நிற்க வாய்த்தால், கலங்கிய வெள்ளை எந்தப் பட்டையின் எந்தப் பக்கத்தில் நின்றுவிடுகிறது என்று பார்த்து எழுதுங்கள்.